தொண்டை கட்டிய குரல்

1988-ம் வருடம், நவம்பர் மாதம். அமெரிக்காவின் சான்ஃபிரான்சிஸ்கோ நகரத்தில் ஒரு கோர்ட். சாட்சிக் கூண்டில் இருப்பவரின் கையில் கிடார். ஜூரிகள் பார்த்துக்கொண்டிருக்க, வாசித்துக் காட்டுகிறார். ஒரு பாட்டு எப்படி உருவாகிறது என்று விளக்குகிறார். கச்சேரி அல்ல, விசாரணை!

அவர் பெயர் ஜான் ஃபோகர்ட்டி. அறுபதுகளின் கடைசியில் அமெரிக்காவைக் கலக்கிய 'கிரீடன்ஸ் கிளியர்வாட்டர் ரிவைவல்' என்ற ராக் குழுவின் பாடகர். அவர் மேல் என்ன புகார் தெரியுமா? ஜான் ஃபோகர்ட்டியைக் காப்பியடித்துவிட்டார் என்பதுதான்.

சிரிக்காதீர்கள், நிஜம். 1970-ல் அவர் எழுதிப் பாடிய ஒரு பாட்டின் உரிமை ரெக்கார்டு கம்பெனியிடம் இருந்தது. 1985-ல் வேறு கம்பெனிக்காகப் புதிதாக ஒரு பாட்டுப் பாடினார். 'இது எங்களிடம் இருக்கும் பழைய பாட்டு மாதிரியே இருக்கிறது' என்று முதல் கம்பெனி கேஸ் போட்டுவிட்டது. 'நான் பாடினால் என்னை மாதிரிதானே இருக்கும்?' - ஃபோகர்ட்டி தரப்பு வாதத்தின் சாரம் இவ்வளவுதான். ஜூரிகள் அவர் பக்கம் நின்றார்கள். வக்கீல் ஃபீஸை யார் தருவது என்கிற தகராறு மட்டும் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 1994-ல் அங்கேயும் அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பு.

அதே காலத்தில் இதற்கு நேர் எதிரான இன்னொரு வழக்கு. டாம் வெய்ட்ஸ் என்று ஒரு பாடகர். இவர் குரல் எப்படி இருக்கும்? ராத்திரி முழுக்கக் குடித்து, சிகரெட்டாக ஊதி, மேலே கொஞ்சம் பிளேடையும் முழுங்கிய ஆள் மாதிரி இருக்கும் என்று ஒரு ரசிகர் சொன்னதைத் தீர்ப்பிலேயே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். விளம்பரத்துக்குப் பாடுவதில்லை என்பது வெய்ட்ஸின் பிடிவாதம். 1988-ல் ஒரு சிப்ஸ் கம்பெனி என்ன செய்தது? அச்சு அசலாக அவர் மாதிரியே பாடும் ஒருவரைப் பிடித்து, ரேடியோ விளம்பரம் எடுத்துவிட்டது. வெய்ட்ஸ் கோர்ட்டுக்குப் போனார். பாட்டும் அவருடையதல்ல, பாடியதும் அவரல்ல. ஆனாலும் நஷ்டஈடாக அவருக்குக் கிடைத்தது 20 லட்சம் டாலருக்கு மேல்!

ஒருவர் தன்னைப் போலவே பாடியதற்காகக் கூண்டில் நிற்கிறார். இன்னொருவர், வேறொருவர் தன்னைப் போலப் பாடியதற்காகக் கோர்ட் ஏறுகிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு குரலை 'இவருடையது' என்று ஆக்குவது எது? அதிலும் ராக் பாடகர்களை எடுத்துக்கொண்டால், நாம் வழக்கமாகச் சொல்லும் எந்த இலக்கணமும் அவர்களுக்குப் பொருந்தவில்லையே!

நமக்கு நல்ல குரல் என்றால் தேன், குயில், வெண்கல மணி. கல்யாண வீட்டில் யாராவது பாடினால், 'சாரீரம் நல்லா இருக்கு, சுருதி சுத்தம்' என்போம். இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு போனால் பாப் டிலனை முதல் ரவுண்டிலேயே வீட்டுக்கு அனுப்பவேண்டி வரும். மூக்கால் பாடுகிறார், பேசுகிறாரா பாடுகிறாரா என்றே தெரியவில்லை என்று ஆரம்பத்திலிருந்தே அவரைத் திட்டியவர்கள் உண்டு. அந்த மூக்குக் குரல்காரருக்கு 2016-ல் இலக்கியத்துக்கான நோபல் பரிசு கொடுத்தார்கள். அந்த வரிகளைத் தேன் குரலில் மற்றவர்கள் பாடி, சிலது பெரிய ஹிட்டும் ஆகியிருக்கிறது. ஆனாலும் அந்த மணல்தாள் குரலைத் தேடித்தான் ஜனங்கள் திரும்பத் திரும்பப் போகிறார்கள்.

ஏன்?

நான் பி.காம். படித்தவன். ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. எனக்குத் தெரிந்த கணக்கில் சொல்கிறேன். அக்கவுன்டன்ஸியில் 'குட்வில்' என்று ஒன்று உண்டு. ஒரு கடையை விலைக்கு வாங்குகிறீர்கள். கட்டடம், சரக்கு, மேஜை நாற்காலி, வரவேண்டிய பாக்கி எல்லாவற்றையும் கூட்டி, கடன்களைக் கழித்து ஒரு தொகை வருகிறது. கடைக்காரர் அதைவிட அதிகம் கேட்கிறார், நீங்களும் கொடுக்கிறீர்கள். அந்த அதிகப்படித் தொகைதான் குட்வில். கையால் தொட முடியாது, ஆனால் விலை உண்டு. குரலிலும் அப்படித்தான். ஸ்தாயி, சுருதி, மூச்சுக் கட்டுப்பாடு என்று எல்லாவற்றையும் கூட்டிய பிறகும் ஒன்று மிச்சம் நிற்கிறது. நாம் காசு கொடுத்து வாங்குவது அந்த மிச்சத்தைத்தான்.

அந்த மிச்சம் எங்கிருந்து வருகிறது?

1963, பிப்ரவரி 11. லண்டன், அபே ரோடு ஸ்டூடியோ. பீட்டில்ஸ் என்ற நாலு பையன்கள் தங்கள் முதல் ஆல்பத்துக்காக ஒரே நாளில் பத்துப் பாட்டுகள் பதிவு செய்கிறார்கள். காலை பத்து மணிக்கு ஆரம்பித்து ராத்திரி பத்து மணிக்கு மேல் ஓடியது. ஜான் லெனனுக்குக் கடும் ஜலதோஷம். தொண்டை மாத்திரையைச் சப்பிக்கொண்டு, பாலைக் குடித்துக்கொண்டு சமாளிக்கிறார். தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடவேண்டிய 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' பாட்டைத் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தார். அதைப் பாடிவிட்டால் வேறு எதையும் பாட முடியாது என்று அவருக்குத் தெரியும். லெனன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பாடினார். முதல் டேக் ஓகே. எதற்கும் இருக்கட்டும் என்று இன்னொரு தடவை முயன்றபோது குரலே வரவில்லை. இன்று உலகம் கேட்பது அந்த ஒரே ஒரு டேக்கைத்தான்.

இதைவிட நன்றாகப் பாடியிருக்க முடியுமே என்று லெனனுக்கு ரொம்ப நாள் வெட்கமாக இருந்ததாம். தன் குரலே பிடிக்காத மனுஷன் அவர். 'என் குரலை மாற்று, வேறு மாதிரி ஆக்கு' என்று ஜார்ஜ் மார்ட்டினைப் படுத்தி எடுத்தவர். ஒரே குரலை இரண்டாகக் கேட்க வைக்கும் ஒரு உத்தியை 1966-ல் அந்த ஸ்டூடியோ இன்ஜினீயர் கென் டவுன்சென்ட் கண்டுபிடித்தபோது லெனனுக்கு ஒரே குஷி. அவர் ஒளித்துவைக்கப் பார்த்த அந்தக் குரலைத்தான் நாம் அறுபது வருடத்துக்கும் மேலாகக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இதில் மைக்குக்கும் ஒரு பங்கு இருக்கிறது. ஐரோப்பிய ஆபரா பாடகர்கள் மைக் இல்லாமல், முழு ஆர்கெஸ்ட்ராவையும் தாண்டிக் கடைசி வரிசைக்குக் கேட்கும்படி பாடிப் பழகியவர்கள். அதற்கென்று குரலை ஒரு வார்ப்பில் வார்த்தாக வேண்டும். மைக் வந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. முணுமுணுத்தாலும் கேட்கும், மூச்சு வாங்கினாலும் கேட்கும். கத்தும்போது தொண்டையில் விழும் கீறல்கூடத் துல்லியமாகக் கேட்கும். மைக் என்பது காதுக்கான பூதக்கண்ணாடி. அதன் முன்னால் நிற்பவருக்கு இரண்டே வழி. முகப்பருவை மறைக்க பவுடர் பூசிக்கொள்ளலாம். அல்லது, 'இதுதான் சார் என் மூஞ்சி' என்று நிற்கலாம். பெரிய ராக் பாடகர்கள் எல்லாரும் இரண்டாவது வழியில் போனவர்கள்.

முகப்பரு என்று உவமைக்குச் சொல்லவில்லை. ஜானிஸ் ஜாப்ளின் என்ற பெண் 1943-ல் டெக்ஸாஸ் மாநிலத்தில் போர்ட் ஆர்தர் என்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஊரில் பிறந்தவர். பள்ளிக்கூடத்தில் அவர் பருவையும் உடம்பையும் கிண்டல் செய்தார்கள். கறுப்பர்களின் பாட்டைக் கேட்கிறாள் என்று ஒதுக்கிவைத்தார்கள். பல்கலைக்கழகத்தில் ஒரு போட்டி. 'வளாகத்திலேயே அவலட்சணமான ஆண்' யார் என்று. அதற்கு இந்தப் பெண்ணின் பெயரைக் கொடுத்தார்கள். அந்தப் பெண்தான் 1967 ஜூனில் மான்டெரி இசை விழாவில் மேடையேறினார். அந்த நிகழ்ச்சியைப் படம் பிடித்திருக்கிறார்கள். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கும் காஸ் எலியட் - அவரே பெரிய பாடகி - வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பது படத்தில் தெரியும்.

ஜாப்ளின் கற்றுக்கொண்டது யாரிடம்? பெஸ்ஸி ஸ்மித் என்ற கறுப்பினப் பாடகியின் பழைய ரெக்கார்டுகளிடம். ஆரம்பத்தில் அவரை அப்படியே நகல் எடுத்துத்தான் பாடினார். அப்படியானால் டாம் வெய்ட்ஸ் மாதிரி பாடிய விளம்பரக்காரருக்கும் ஜாப்ளினுக்கும் என்ன வித்தியாசம்? நியாயமான கேள்வி. ராக் இசையின் வரலாறே இந்தக் கேள்விக்கு முன்னால் தலைகுனிந்துதான் நிற்கவேண்டும். கறுப்பர்கள் பாடியதை வெள்ளைக்காரர்கள் எடுத்துப் பாடிக் காசு பார்த்த கதைகள் ஏராளம். 'ஹவுண்ட் டாக்' பாட்டை எல்விஸ் பிரெஸ்லி 1956-ல் பாடி உலகப் புகழ் அடைந்தார். அதை முதலில் பாடி 1953-ல் வெளியிட்டவர் பிக் மாமா தார்ன்டன். தனக்குக் கிடைத்தது 500 டாலர் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஜாப்ளினிடம் நான் பார்க்கும் வித்தியாசம் இதுதான். பெஸ்ஸி ஸ்மித் 1937-ல் கார் விபத்தில் இறந்தவர். 33 வருடம் அவர் சமாதியில் பெயர் பொறித்த கல்கூட இல்லை. 1970 ஆகஸ்டில் ஒரு கல் வைத்தார்கள். பணம் கொடுத்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், சிறுமியாக இருந்தபோது பெஸ்ஸியிடம் வேலை பார்த்த ஜுவானிட்டா கிரீன். இன்னொருவர் ஜானிஸ் ஜாப்ளின். கடன் வாங்குவது தப்பில்லை. யாரிடம் வாங்கினோம் என்பதை மறைத்தால்தான் திருட்டு. கணக்கு எழுதுகிறவன் வேலையே அதுதானே!

அந்தக் கல் வைத்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அக்டோபர் 4-ம் தேதி ஜாப்ளின் இறந்துபோனார். ஹெராயின். வயது 27.

இந்த இடத்தில்தான் நம்மில் பலர் ஒரு தப்புக் கணக்குப் போடுகிறோம். கஷ்டப்பட்டால்தான் கலை வரும், தன்னை அழித்துக்கொண்டால்தான் குரலில் உயிர் இருக்கும் என்று ஒரு நம்பிக்கை. அதிலும் கஷ்டப்படுவது வேறு யாரோ, கேட்டு ரசிப்பது நாம் என்றால் ரொம்ப சௌகரியம்.

1969-ல் லாஸ் ஏஞ்சலீஸில் ஒரு ராத்திரி. ரோலிங் ஸ்டோன்ஸ் குழு 'கிம்மி ஷெல்டர்' பாட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தது. கூடப் பாட ஒரு பெண் குரல் வேண்டும். தூங்கப் போயிருந்த மெர்ரி கிளேட்டனுக்கு நடுராத்திரி போன். நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்த கர்ப்பிணி. தலையில் சுருள் கிளிப்புகளோடு வந்து, பாடிக் கொடுத்துவிட்டுப் போனார். உச்சத்தில் அவர் குரல் உடைகிறது. அந்த உடைசலைக் கேட்டு யாரோ பின்னால் 'ஊ' என்று கத்துவதுகூடப் பதிவாகியிருக்கிறது. அதை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். பாட்டின் உச்சமே இன்று அதுதான்.

மீதிக் கதை ஆல்பத்தில் இல்லை. அதற்குச் சில நாட்களில் அவருக்குக் கரு கலைந்துவிட்டது. அந்த ராத்திரியின் சிரமம்தான் காரணம் என்று சொல்பவர்கள் உண்டு. ரொம்ப காலம் அந்தப் பாட்டைக் கேட்கவே முடியவில்லை என்றார் மெர்ரி. ஆல்பத்தில் அவர் பெயரைக்கூட 'மேரி' என்று தப்பாக அச்சடித்திருந்தார்கள். அந்த உடைந்த குரலைக் கேட்டு அடுத்த தடவை நமக்குச் சிலிர்க்கும்போது, இந்த பில் யார் பெயரில் போனது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 2014-ல் கார் விபத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். 2021-ல் மறுபடியும் ஒரு ஆல்பம் வெளியிட்டார் என்பது கேட்க ஆறுதலான செய்தி.

அப்படியானால் வேதனைதான் அந்த மிச்சமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். வேதனைப்பட்டவர்கள் எல்லாரும் பாடகர் ஆகிவிடவில்லை. மிக் ஜாகர் 2023-ல் 80 வயதில் புது ஆல்பம் போட்டார். உடம்பைப் பார்த்துக்கொண்ட மனுஷன். அவர் குரலும் யாரோடும் குழம்பாத குரல்தான்.

இன்னொருவரைப் பாருங்கள். ஃபரோக் புல்சாரா. 1946-ல் ஜான்ஸிபாரில் பிறந்த பார்ஸி. மும்பைக்கு அருகில் பஞ்ச்கனி போர்டிங் ஸ்கூலில் படித்தவர். அங்கேயே சக மாணவர்களோடு ஒரு பேண்ட் வைத்திருந்தார். பின்னாளில் லண்டன் போய் ஃப்ரெடி மெர்குரி என்ற பெயரில் 'க்வீன்' குழுவின் பாடகரானார். அவருக்கு வாயில் நாலு பல் அதிகம், அதனால் முன்பற்கள் துருத்திக்கொண்டிருக்கும். சிரிக்கும்போது கையால் மறைத்துக்கொள்வார். ஆனால், காசு கொட்டிய காலத்திலும் அதைச் சரிசெய்துகொள்ளவில்லை. பல்லைத் தொட்டால் குரல் மாறிவிடுமோ என்று பயம்.

அவர் குரலை ஐரோப்பிய விஞ்ஞானிகள் சிலர் அலசி, 2016-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நாலு ஸ்தாயி பாடுவார் என்று ரசிகர்கள் சொல்வதை அவர்களால் உறுதிப்படுத்த முடியவில்லை. ஆனால், அவர் குரலின் அதிர்வு வழக்கத்தைவிட வேகமாகவும் ஒழுங்கில்லாமலும் இருந்தது. அதாவது, பாட்டு வாத்தியார் திருத்தச் சொல்லக்கூடிய சமாச்சாரம்! ஃப்ரெடி 1991-லேயே இறந்துவிட்டதால், அவரைப் போலப் பாடக்கூடிய இன்னொரு பாடகரின் தொண்டைக்குள் கேமரா விட்டுப் பார்த்தார்கள். எப்படி அதிர்கிறது என்று தெரிந்தது. ஏன் 1985-ல் வெம்ப்ளி ஸ்டேடியத்தில் அத்தனை ஆயிரம் பேர் அந்த ஒரு மனிதர் கையசைத்தபடி ஆடினார்கள் என்பது கேமராவில் விழவில்லை.

ஒரு விஷயம் கவனித்தீர்களா? லெனன் தன் குரலை வெறுத்தார், டிலன் திட்டு வாங்கினார், ஜாப்ளினைத் துரத்தினார்கள், ஃப்ரெடி பல்லை மறைத்தார். நாலு பேரிடமும் ஏதோ ஒன்று கோணல். அதைச் சரிசெய்துகொண்டு எல்லாரையும் போல ஆகிவிட அவர்களுக்கு வழி இருந்தது. மைக் முன்னால் வந்தபோது மட்டும் அந்த வழியில் போகவில்லை. கோணலாக இருந்தாலும் 'இது என்னுடையது' என்று கையெழுத்துப் போட்டார்கள். செக்கில் கையெழுத்து அழகாக இருக்கவேண்டும் என்று எந்த பேங்க்கும் கேட்பதில்லை. உங்களுடையதா என்றுதான் கேட்கும். கையெழுத்துப் போட்ட பிறகு பொறுப்பும் உங்களுடையது.

1997-ல் 'ஆட்டோ-ட்யூன்' என்று ஒரு மென்பொருள் வந்தது. எண்ணெய் தேடுவதற்காக நிலத்துக்குள் ஒலி அலைகளை அனுப்பி ஆராய்ந்துகொண்டிருந்த ஆண்டி ஹில்டெப்ராண்ட் என்பவர் அதே கணக்கைக் குரலுக்குப் போட்டு உருவாக்கியது. சுருதி தப்பினால் இழுத்துச் சரியான இடத்தில் வைத்துவிடும். இப்போது அதையும் தாண்டி வந்துவிட்டோம். ஒருவர் பாடியதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, அவர் பாடாத பாட்டை அவர் குரலிலேயே பாடுகிறது கம்ப்யூட்டர். 2024-ல் அமெரிக்காவின் டென்னஸி மாநிலம் இதைத் தடுக்க ஒரு சட்டமே போட்டது. சட்டத்துக்கு வைத்த செல்லப் பெயர் 'எல்விஸ்'! அதே வருடம் நம் ஊரில் 'லால் சலாம்' படத்துக்காக, மறைந்த பம்பா பாக்யாவையும் ஷாகுல் ஹமீதையும் ஏ.ஆர்.ரஹ்மான் இந்த முறையில் மறுபடி பாடவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கியதையும் சன்மானம் கொடுத்ததையும் அவரே வெளிப்படையாகச் சொன்னார்.

எல்லா இயந்திர வேலையையும் ஒரே தராசில் போட முடியாது. 2023-ல் பீட்டில்ஸின் கடைசிப் பாட்டு என்று 'நௌ அண்ட் தென்' வெளிவந்தது. லெனன் எழுபதுகளில் வீட்டில் பாடிவைத்த பழைய கேசட்டிலிருந்து, பியானோ சத்தத்தைப் பிரித்து அவர் குரலை மட்டும் கம்ப்யூட்டர் எடுத்துக் கொடுத்தது. பாடியவர் லெனனேதான். தூசி துடைத்தது மட்டும்தான் இயந்திரம். அவர் பாடாததைப் பாடவைப்பது அப்படியல்ல. அது அவர் கையெழுத்தை நாம் போடுவது. குடும்பம் சம்மதித்தால் சட்டப்படி சரி. செத்தவர் சம்மதித்தாரா என்று கேட்க ஆள் இல்லை.

ராக் பாடகரின் மகத்துவம் எது என்று என்னைக் கேட்டால், பி.காம். மூளைக்கு எட்டிய பதில் இதுதான். அந்தக் குரலுக்கு மறுநாள் காலையில் தொண்டை கட்டிக்கொள்ள ஓர் ஆள் இருக்கவேண்டும். பாடியதற்குப் பதில் சொல்ல, வெட்கப்பட, கடனை ஒப்புக்கொள்ள ஓர் ஆள். இயந்திரத்துக்கு எல்லாம் வரும், தொண்டை மட்டும் கட்டாது.

முடிக்குமுன் ஜாப்ளினின் கடைசி ஆல்பத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 'பேர்ல்' என்று பெயர். அவர் இறந்த பிறகு, 1971-ல் வெளிவந்தது. அதில் ஒரு பாட்டுக்கு வாத்தியங்களை எல்லாம் வாசித்துப் பதிவு செய்து முடித்துவிட்டார்கள். ஜாப்ளின் வந்து பாடவேண்டியதுதான் பாக்கி. அதற்குள் போய்விட்டார். குழுவினர் அந்த இடத்தில் வேறு யார் குரலையும் வைக்கவில்லை. வெறும் இசையாகவே ஆல்பத்தில் சேர்த்துவிட்டார்கள்.

இன்றைக்கு நினைத்தால் அந்த இடத்தை ஐந்து நிமிஷத்தில் நிரப்பிவிடலாம். ஜாப்ளின் குரல்தான் என்று நீங்களும் நானும் சத்தியம் செய்வோம். ஆனாலும், ஒரு தடவை அந்தப் பாட்டை அப்படியே கேட்டுப் பாருங்கள். கிடார் வருகிறது, டிரம்ஸ் வருகிறது, ஆர்கன் வருகிறது. எல்லாரும் ஒருத்திக்காகக் காத்திருக்கிறார்கள்.

அந்த இடம் காலியாகவே இருக்கட்டும் சார்.